தொழில் கற்பித்த முதலாளி

ஒருவன் தன் நிலத்தில் தன் செலவில் தென்னங்கன்று வைக்கிறான். தண்ணீர் ஊற்றுகிறான், எரு இடுகிறான், வேலி கட்டுகிறான். காய்க்கும் பருவம் வந்ததும் அந்தத் தென்னைக்குக் கால் முளைத்து, அது பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போய்விடுமானால், மறு ஆண்டு அவன் இன்னொரு கன்று வைப்பானா? வைக்கமாட்டான். நல்லவேளையாகத் தென்னைக்குக் கால் இல்லை. ஆகையால் ஊர்தோறும் தோப்பு இருக்கிறது. ஆனால் மனிதனுக்குக் கால் உண்டு. அவனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்த முதலாளி, அந்தத் தொழிலைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. கற்றவன் எழுந்து நடந்தால் கற்ற தொழிலும் அவனோடு நடக்கிறது.

அப்படியானால் தொழிலாளிக்கு வேலை கற்பிக்கும் செலவை யார் ஏற்பது? முதலாளியா, தொழிலாளியா, நாடா? பொருளாதார அறிஞர்கள் இதனை நெடுநாள் ஆராய்ந்துள்ளனர். 1890ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கில அறிஞர் இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டினார். இயந்திரத்தில் பணம் போட்டவனுக்கு இயந்திரம் சொந்தமாகிறது. மனிதனின் திறமையில் பணம் போட்டவனுக்கு அந்த மனிதன் சொந்தமாவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். பின்னர் 1960களில் அமெரிக்காவில் ஷுல்ட்சும் கேரி பெக்கரும் மனித மூலதனம் என்னும் கருத்தை வளர்த்தனர். 1964இல் வெளிவந்த பெக்கரின் நூலுக்குப் பெயரே அதுதான். இருவரும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர்.

நான் இயற்பியல் மாணவன். பொருளாதாரம் எனக்குப் பாடம் அன்று. ஆயினும் இந்த ஆண்டு இந்தக் கேள்வி என் வாசற்படியில் வந்து நிற்கிறது. இறுதி ஆண்டு படிக்கும் உங்களில் பலர் வாசலிலும் நிற்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். பெக்கர் ஏட்டில் எழுதுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, நாம் படிக்கும் இதே நாகபுரியில், கைப்பணத்தைப் போட்டு இதற்கு விடை தேடிய ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜாம்செட்ஜி டாட்டா. இரும்பாலைக்கும் தாஜ்மகால் ஓட்டலுக்கும் வித்திட்டவர் என்றே அவரை நாம் அறிவோம். தொழில் கற்பித்தவர் என்ற முறையில் அவர் வாழ்க்கையை இங்கே காண்போம்.

ஜாம்செட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் குசராத்தில் உள்ள நவசாரியில் பிறந்தார். பார்சி குருமார் குடும்பம். தலைமுறை தலைமுறையாக வேதம் ஓதிய குலத்தில், தந்தை நசர்வான்ஜி முதன்முதலாக வாணிகத்தில் இறங்கிப் பம்பாய் சென்றார். மகனும் சிறுவயதிலேயே பம்பாய் வந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1858இல் தேறினார். மறு ஆண்டே தந்தையின் வாணிகத்துக்காக ஆங்காங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே நடந்தது பஞ்சு வாணிகமும் அபினி வாணிகமும். பெரியவர் வாழ்க்கையை எழுதும்போது இதை மறைப்பது முறையன்று. அக்காலத்துப் பம்பாய் வணிகர் பலருடைய செல்வமும் அந்த வழியில் வந்ததே.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. இந்தியப் பஞ்சின் விலை விண்ணை முட்டியது. பம்பாயில் பணம் வெள்ளமாகப் புரண்டது. 1865இல் போர் முடிந்தது. பஞ்சின் விலை விழுந்தது. பெரும்பெரும் வணிக நிலையங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அவ்வேளையில் ஜாம்செட்ஜி இங்கிலாந்தில் இருந்தார். கையில் இருந்த பத்திரங்கள் வெறும் தாள்களாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன்காரர்களை நேரே சென்று கண்டு நிலைமையை விளக்கினார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், கணக்குகளை ஒழுங்கு செய்து கடனைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, மாதம் 20 பவுன் சம்பளமும் கொடுத்தனர். பம்பாயில் தந்தையார் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

இந்த நிகழ்ச்சியை நான் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தேன். வீடு போயிற்று; பத்திரம் போயிற்று; பஞ்சு மூட்டையும் போயிற்று. போகாமல் நின்றவை இரண்டு: அவர் கற்ற தொழிலறிவு, அவர் ஈட்டிய நல்ல பெயர். மனிதனுக்குள் இருக்கும் மூலதனத்தைக் கடன்காரன் ஏலம் போட முடியாது என்பதைத் தம் 26ஆம் வயதிலேயே அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் மனிதர்மேல் அவர் துணிந்து பணம் போட்டதற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அபிசீனியப் போருக்குச் சென்ற ஆங்கிலப் படைக்குப் பொருள்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் பங்கு கிடைத்துக் குடும்பம் தலைநிமிர்ந்தது. 1868இல் ஜாம்செட்ஜி 21,000 ரூபாய் முதலோடு சொந்த வாணிகம் தொடங்கினார். 1869இல் பம்பாய் சிஞ்சுப்போக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டே ஆண்டில் அதை இலாபத்துக்கு விற்றார். விற்ற கையோடு மறுபடியும் இங்கிலாந்து சென்று, இலங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துத் தொழிலின் நுணுக்கங்களைக் கேட்டறிந்தார். பிறருக்குக் கற்பிக்கப் புகுமுன் தாமே கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆலையைப் பம்பாயில் கட்டுவார் என்றே யாவரும் எதிர்பார்த்தனர். அவரோ நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். சுற்றிலும் கரிசல் மண்ணில் பஞ்சு விளைகிறது. வரோராவில் நிலக்கரி கிடைக்கிறது. 1867 முதல் பம்பாயிலிருந்து இருப்புப்பாதை இருக்கிறது. பஞ்சைப் பம்பாய்க்குத் தூக்கிச் செல்வதைவிட ஆலையைப் பஞ்சின் பக்கத்துக்குக் கொண்டுவருவது மேல் என்பது அவர் கணக்கு. 1874இல் 15 இலட்சம் ரூபாய் முதலில் ஒரு கம்பெனி அமைத்தார். ஜும்மா குளத்தருகே சதுப்பு நிலத்தை வாங்கி மண் கொட்டி மேடாக்கினார். உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், தங்கத்தை மண்ணில் கொட்டும் பைத்தியக்காரனுக்குக் கடன் கொடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். அவரே பின்னாளில், ஜாம்செட்ஜி மண்ணைக் கொட்டித் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகவும் கதை உண்டு. 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கப்பட்ட அதே நாளில், ஆலை திறக்கப்பட்டது. எம்பிரசு மில் என்று பெயர் பெற்றது.

கட்டடம் எழுந்தது, இயந்திரம் வந்தது. ஆனால் இயந்திரத்தின் முன் நிற்க ஆள்? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

நாகபுரியைச் சுற்றியிருந்த மக்கள் கைத்தறியும் உழவும் அறிந்தவர்கள். சங்கு ஊதியதும் வந்து, சங்கு ஊதும்வரை ஒரே இடத்தில் நிற்கும் ஆலை வாழ்க்கை அவர்களுக்குப் புதியது. கையில் நாலு காசு சேர்ந்தால் வேலைக்கு வரமாட்டார்கள்; திருவிழா என்றால் ஊருக்குப் போய்விடுவார்கள். வேலை கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுவான். மற்ற முதலாளிகள் இதற்குக் கண்ட மருந்து அபராதம். வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடி. தவறு செய்தால் காசைப் பிடி.

ஜாம்செட்ஜி வேறு வழியை நாடினார். ஒழுங்காக வருபவர்களுக்கும் திறமையாக வேலை செய்பவர்களுக்கும் பரிசு கொடுத்தார். பரிசளிப்பை ஒரு விழாவாகவே நடத்தினார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895 முதல் வேலையில் காயமுற்றவர்களுக்கு இழப்பீடு கொடுத்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் வந்தது 1923இல். அதற்கு 28 ஆண்டுகள் முன்னதாக இந்த ஆலை அதைச் செய்தது.

இதை இரக்கம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். இரக்கமும் இருந்தது. ஆனால் இதில் ஒரு கணக்கும் இருந்தது. பத்து ஆண்டு நின்றால் ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேரும் என்று அறிந்த தொழிலாளி, இரண்டணா அதிகம் என்று இன்னோர் ஆலைக்கு எளிதில் போகமாட்டான். அவன் நிற்பான் என்ற நம்பிக்கை இருந்தால் முதலாளி மனமாரக் கற்பிப்பான். தென்னைக்குக் கால் முளைத்தாலும் இந்தத் தோட்டத்துத் தண்ணீரே இனிக்கும்படி செய்வது என்பது இதுதான். போகவிடாமல் கட்டுவது ஒன்று. போக மனம் வராமல் வைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இன்னொரு நுட்பமும் காணத்தக்கது. தொடக்கத்தில் நாகபுரியில் பெரிய பஞ்சாலை இது ஒன்றே. பம்பாயிலோ ஆலைக்குப் பக்கத்தில் ஆலை. அங்கே ஓர் ஆலையில் கற்றவன் தெருவைக் கடந்தால் மற்றோர் ஆலையில் வேலை பெறலாம். நாகபுரியில் கற்றவனுக்கு அப்படிப் போக இடம் குறைவு. போகும் இடம் குறைவாக உள்ள ஊரில் முதலாளி துணிந்து கற்பிக்கலாம் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் இன்று விரிவாக எழுதுகின்றனர். ஆனால் அதே நிலைமை, கற்றவனுக்கு நியாயமான கூலி கொடுக்காமல் இருக்கவும் முதலாளிக்கு இடங்கொடுக்கும். கத்தி ஒன்றுதான், காய் நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் உதவும்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஜாம்செட்ஜி புதுவழி கண்டார். ஆலையின் மேலாளராக அவர் அமர்த்தியவர் பெசான்ஜி மேத்தா. இருப்புப்பாதைக் கம்பெனியில் சரக்குப் போக்குவரத்தைக் கவனித்தவர். நூல் நூற்பதைப் பற்றி ஒன்றும் அறியாதவர். தொழில்நுட்பத்துக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் இருந்தார். நூற்பைக் கற்றுக்கொள்ளலாம், நாணயத்தையும் நிருவாகத் திறமையையும் எளிதில் கற்பிக்க முடியாது என்று ஜாம்செட்ஜி கருதியிருக்க வேண்டும். பெசான்ஜி கற்றுக்கொண்டார்; நெடுங்காலம் அந்த ஆலையைத் திறம்பட நடத்தினார். கல்லூரியில் பட்டம் பெற்ற இளைஞர்களைப் பயிலுநர்களாகச் சேர்த்து ஆலைத் தொழில் கற்பிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டாயிற்று. படித்தவன் குமாத்தா வேலைக்கே போவான் என்றிருந்த காலத்தில் இது சிறிய செயல் அன்று.

1880களில் ரிங் கதிர் என்னும் புதிய நூற்பு முறையை எம்பிரசு மில் துணிந்து மேற்கொண்டது. இலங்காஷயர் அப்போது மியூல் என்னும் பழைய இயந்திரத்தையே நம்பியிருந்தது. மியூலை ஓட்டப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். ரிங் கதிரை ஓட்டக் குறைந்த காலத்தில் கற்றுக்கொள்ளலாம். திறமையாளர் நிறைந்த நாட்டுக்கு மியூல் பொருந்தியது. திறமையாளரைப் புதிதாக உண்டாக்க வேண்டிய நாட்டுக்கு ரிங் கதிர் பொருந்தியது. எந்த இயந்திரம் வாங்குவது என்ற கேள்விக்குள்ளேயே ஆளைப் பயிற்ற எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

அவர் காலத்து ஆலைகளைப் பொற்காலமாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. 1881இல்தான் இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அது சொல்லிற்று என்றால், அதற்கு முன் இருந்த நிலையை நாமே உணரலாம். ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள சிறுவர்களுக்கு ஒன்பது மணி நேர வேலையை அச்சட்டம் அனுமதித்தது. வயது வந்த ஆடவருக்கு நேர வரம்பே இல்லை. பரிசும் ஓய்வூதியமும் அந்த நீண்ட பகற்பொழுதுகளுக்கு நடுவே கொடுக்கப்பட்டவையே. இதையும் சேர்த்துத்தான் அவரை எடை போட வேண்டும்.

ஆலைக்குள் தொழில் கற்பித்தது ஒரு வகை. ஆனால் மருத்துவமும் பொறியியலும் அறிவியலும் எந்த ஓர் ஆலைக்கும் உரிய அறிவு அல்ல. அவற்றைக் கற்றவன் எங்கும் செல்லலாம். இவற்றுக்கு எந்த முதலாளி செலவு செய்வான்? பெக்கர் 1964இல் இதற்கு ஒரு விதி கண்டார். எங்கும் பயன்படும் பொதுப் பயிற்சிக்குக் கற்பவனே விலை கொடுக்க நேரும். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் தனிப் பயிற்சிக்கு நிறுவனமும் தொழிலாளியும் செலவைப் பகிர்ந்துகொள்வர் என்பது அந்த விதி. விதி சரிதான். ஆனால் கற்பவன் ஏழையாக இருந்தால்? நாளைக்கு வரப்போகும் சம்பளத்தை அடகு வைத்து இன்று கடன் வாங்க எந்தக் கடையில் முடியும்?

1892இல் ஜாம்செட்ஜி அந்தக் கடையைத் தாமே திறந்தார். வெளிநாடு சென்று உயர்கல்வி கற்கும் இந்திய மாணவர்களுக்காக ஜே. என். டாட்டா அறநிலையை நிறுவினார். அது இனாமாகக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தது. படித்து முடித்து வேலையில் அமர்ந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிய பணம் இன்னொரு மாணவனுக்குப் போகும். டாட்டா கம்பெனியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் பார்சிகளுக்கென்று இருந்தது, விரைவிலேயே எல்லா இனத்தவருக்கும் பொதுவாயிற்று. முதன்முதல் உதவி பெற்றவர்கள் இரு பெண்கள்: பிரேணி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர். இருவரும் மருத்துவர்கள். 1924 அளவில் ஐ.சி.எஸ். பதவிக்கு வந்த இந்தியருள் ஐவரில் இருவர் டாட்டா கடனுதவி பெற்றவர்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், அணு அறிவியல் அறிஞர் இராசா இராமண்ணா, வானியல் அறிஞர் ஜயந்த் நாரளிகர் ஆகியோரும் அந்த வரிசையில் வந்தவர்களே. இவர்களுள் எத்தனை பேர் டாட்டாவின் ஆலைக்கு நூல் நூற்றார்கள்? அவர் அதைக் கேட்கவில்லை. கடன் திரும்பினால் போதும், ஆள் நாட்டுக்கு.

மூன்றாவது வகைச் செலவு ஒன்று உண்டு. ஆய்வுக்கூடமும் நூலகமும் ஆசிரியர் கூட்டமும் சேர்ந்த உயர்நிலைக் கல்விச்சாலையை எந்த மாணவனும் கடன் வாங்கிக் கட்ட முடியாது. எந்த ஆலையும் தனக்கென்று கட்டாது. அதன் பயன் நாடு முழுவதும் சிதறிச் செல்கிறது. 1898இல் ஜாம்செட்ஜி தம் சொத்தில் 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பகுதியை இதற்கென ஒதுக்க முன்வந்தார். பர்ஜோர்ஜி பாதுஷா என்பவரை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பல்கலைக்கழகங்களைப் பார்த்துவரச் செய்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் கர்சன் பிரபுவிடம் திட்டம் வைக்கப்பட்டது. கர்சனுக்கு இரண்டு ஐயங்கள். இதில் சேரத் தகுதியுள்ள மாணவர் கிடைப்பரா? படித்து வெளியேறுவோருக்கு வேலை கிடைக்குமா? கேட்கத்தக்க கேள்விகள்தாம். ஆனால் ஆள் இல்லையென்று பள்ளியைத் தள்ளிவைத்தால், பள்ளி இல்லையென்று ஆளும் வரமாட்டான். யாரேனும் ஒருவர் முதலில் துணிய வேண்டும்.

வில்லியம் இராம்சே என்ற வேதியியல் அறிஞர் இந்தியா வந்து ஆராய்ந்து பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் பணமும் தந்தது. அரசாங்கத்தின் ஒப்புதல் ஆணை 1909 மே 27ஆம் நாள் வந்தது. முதல் மாணவர்கள் 1911இல் சேர்ந்தனர். 1933இல் அதன் முதல் இந்திய இயக்குநராக நம் சி. வி. இராமன் அமர்ந்தார். அந்தக் கல்விச்சாலை திறந்ததைக் காண ஜாம்செட்ஜி உயிரோடு இல்லை. 1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் செருமனியில் பாடு நவுகைம் என்ற ஊரில் அவர் காலமானார். இலண்டனுக்கு அருகே புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கனவு கண்ட இரும்புக் கம்பெனி 1907இல் தோன்றியது. 1912இல் எஃகு வார்த்தது. சாக்சி என்ற சிற்றூர் 1919இல் அவர் பெயரால் ஜாம்செட்பூர் ஆயிற்று. தொடக்கத்தில் உலைகளை நடத்தியவர்கள் அயல்நாட்டார். அவர்களுக்குப் பெருஞ்சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. 1921இல் கம்பெனி தொழில்நுட்பக் கழகம் ஒன்றைத் திறந்து, படித்த இந்திய இளைஞர்களுக்கு உலைத் தொழிலைக் கற்பித்தது. சிறிது சிறிதாக அயல்நாட்டார் இடத்தில் இந்தியர் வந்தனர். 1938இல் ஜஹாங்கீர் காந்தி என்ற இந்தியர் பொது மேலாளரானார். கற்பித்த செலவைவிடக் கற்பிக்காமல் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவே பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் வாசற்படிக்கு வருவோம்.

என் தந்தையார் தென்காசிப் பக்கத்துக்காரர். இருப்புப்பாதைப் பணிக்காக நாகபுரி வந்தவர். சரக்கு வண்டி எஞ்சின் ஓட்டுகிறார். அவருக்கு வேலை கற்பித்த செலவு முழுவதும் இருப்புப்பாதை நிருவாகத்துடையது. ஒரு காசு அவரிடம் கேட்கவில்லை. கற்றுக்கொண்டு எங்கே போவார்? இந்தியாவில் சரக்கு வண்டி ஓட்ட அவருக்கு வேறு வாசல் ஏது? தோட்டம் ஒன்றே; தென்னை நடந்தாலும் அதே தோட்டத்துக்குள்தான்.

எனக்கு வந்திருப்பது வேறு. ஒரு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறது. ஆறு மாதம் பயிற்சி தருவார்களாம். அதன் பின் மூன்று ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். விடுதியில் இதைப் பாண்டு என்கிறோம். வேலை கிடைத்ததே பெரிது, யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்கிறார் அப்பா. எந்தப் பாண்டும் அடிமைச் சீட்டு, கிழித்துப் போடு என்கிறார் அடுத்த அறை அண்ணன். இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு மாதமாக அந்தக் கடிதம் என் மேசைமேல் கிடக்கிறது. இன்னும் பத்து நாளில் விடை எழுத வேண்டும்.

ஜாம்செட்ஜியின் வாழ்க்கையைப் படித்தபின் நான் அப்பாவின் சொல்லையும் அண்ணனின் சொல்லையும் ஒதுக்கிவைத்து, நிறுவனத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். முதலாவது, அந்த ஆறு மாதத்தில் எனக்கு உண்மையில் என்ன கற்பிக்கப் போகிறீர்கள்? கற்பிக்கப்படாத பயிற்சிக்குக் கடன்பட நான் ஒப்பேன். இரண்டாவது, கற்றதற்குச் சான்றிதழ் உண்டா? வேறிடத்தில் செல்லாத பயிற்சியானால் அதன் முழுச் செலவும் என் தலையில் விழுவது நியாயம் ஆகாது. மூன்றாவது, இரண்டு ஆண்டு பணியாற்றி விலகினாலும் அதே இரண்டு இலட்சமா, அல்லது மாதந்தோறும் குறையுமா? கடன் என்றால் அடைய அடையக் குறைய வேண்டும். குறையாதது கடன் அன்று, தளை.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. செலவு செய்து கற்பித்த ஆள் ஆறாம் மாத முடிவில் எழுந்து போனால், மறு ஆண்டு அந்த நிறுவனம் யாருக்கும் கற்பிக்காது. நமக்குப் பின் வரும் தம்பி தங்கையருக்கு அந்தக் கதவு மூடும். ஆகவே பாண்டு என்ற சொல்லைக் கண்டு வெகுளவும் வேண்டா. வேலை என்ற சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டா. கற்பிப்பது என்ன, அது யாரோடு நடந்து செல்லும், அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்ற மூன்றையும் எடைபோட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எம்பிரசு மில் இன்று இல்லை. 1986இல் கம்பெனி கலைக்கப்பட்டு, ஆலை அரசுக் கழகத்தின் கைக்குப் போயிற்று; 2002இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் நாம் விடுமுறை நாளில் சுற்றித் திரியும் கடைத்தொகுதி நிற்கிறது. ஆலை மூடியபோது, வாழ்நாளெல்லாம் கதிரும் தறியுமே அறிந்திருந்தவர்கள் அந்தத் திறமையை எங்கே கொண்டுபோய் விற்பது? ஒரே கூரைக்குப் பொருந்தும் திறமை, கூரையோடு சரிந்துவிடுகிறது. ஆகையால் எந்த வேலையில் சேர்ந்தாலும், அந்த நிறுவனத்துக்கு வேண்டியதோடு, எங்கும் செல்லக்கூடிய ஒன்றையும் நம் செலவிலேனும் நாம் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு வேறு எவரும் விலை கொடுக்கமாட்டார்.

ஜாம்செட்ஜி மூன்று வழிகளை விட்டுச் சென்றார். ஆலைக்கு உதவும் திறமைக்கு ஆலை செலவு செய்தது; ஆளை நன்மையால் நிறுத்தியது. ஆளோடு செல்லும் கல்விக்குக் கடன் கொடுத்தார், ஆளைக் கட்டிவைக்கவில்லை. நாட்டுக்கே பொதுவான கல்விக்கு நன்கொடை கொடுத்து, அரசையும் கொடுக்கச் செய்தார். எந்தச் செலவுக்கு எந்த வழி என்று பிரித்தறிந்ததே அவர் பெருமை. எம்பிரசு மில்லின் கதிர்கள் ஓய்ந்துவிட்டன. 1892இல் கொடுக்கத் தொடங்கிய கடன் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. உங்களில் எவரேனும் நாளை அதை வாங்கிக் கடல் கடந்து படிக்கப் போகலாம். போனால், திருப்பிக் கட்டும் கடைசித் தவணையைத் தாமதிக்காமல் கட்டுங்கள். அந்தப் பணத்துக்காக இன்னொரு மாணவன் காத்திருப்பான்.